நீண்ட இரவின் காய்கள்

மார்கழிச் சட்டியில் எது வேகும் என்பதை ஆடி மாதமே முடிவு செய்துவிடுகிறது. புதுக்கோட்டையின் கொல்லைகள் மறந்துகொண்டிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

மார்கழி விடியலில் வாசற்கோலத்தின் நடுவே, சாணி உருண்டையில் செருகி வைத்த பரங்கிப் பூவை அழகுக்காக வைத்தது என்று கடந்துபோய்விடலாம். ஆனால் அந்தப் பூ ஒரு சாட்சி. விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் துவண்டுவிடுகிற பூ அது. மல்லிகை மாதிரி கூடையில் கட்டி நெடுந்தூரம் அனுப்ப முடியாது. ஆகவே ஒரு வாசலில் பரங்கிப் பூ இருந்தால், அந்த வீட்டிலோ பக்கத்து வேலியிலோ ஒரு கொடி ஓடுகிறது என்று பொருள். அந்தக் கொடிக்கு யாரோ பெருமழைக்கு முன்பே விதை ஊன்றியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பரங்கியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் காம்பு நீண்டு மெலிந்திருக்கும். பெண் பூவின் அடியில் பிஞ்சு உருண்டிருக்கும். கோலத்துக்கு நீண்ட காம்புப் பூவைப் பறிக்கும் கை, தைப் பொங்கலுக்கு வேண்டிய காயைக் கொடியிலேயே விட்டுவைக்கிறது. அறுவடையின் முதல் பாடம் வாசலிலேயே நடந்துவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தப் பூ குறைந்துகொண்டு வருகிறது என்றால், அதற்கு இடமில்லை, தண்ணீர் இல்லை, நேரமில்லை என்று மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனாலும் முதற்காரணம் வேறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வீட்டுத் தோட்டத்தை நாம் பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி காய்க்க வேண்டிய ஒன்றாக நினைக்கத் தொடங்கிவிட்டோம். சந்தை அப்படிக் காய்க்கிறது. அதனால் கொல்லையும் அப்படிக் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வானம் பார்த்த இந்தச் சீமையில் கொல்லைக்கு என்று ஒரு பருவம் உண்டு: கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிகிற நான்கு மாதம். அந்தப் பருவத்தைக் குறிவைத்து வளர்த்தால் தோட்டம் தன்னைத் தானே தாங்கும். மற்ற மாதங்களையும் சேர்த்துக் கேட்டால் அது சுமையாகிவிடும்.

குளிரா, இருளா?

குளிர்காலக் காய்கறி என்றதும் இன்று நினைவுக்கு வருபவை முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட், பீட்ரூட். இவை குளிரை விரும்புகிறவை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து லாரியில் இறங்குபவை. மேலை நாட்டுத் தோட்டக் குறிப்புகளிலோ குளிர்காலம் என்பது பஞ்சத்தின் பெயர். பனி மூடிய மண்ணுக்குள் கிழங்கை விட்டு வைப்பதும், நிலவறையில் கோஸை அடுக்குவதும், கண்ணாடிக் கூரைக்கடியில் கீரை வளர்ப்பதுமாக அங்கே பாடு படுகிறார்கள். புதுக்கோட்டையில் மார்கழி இரவின் குளிர் சாதாரணமாக 20 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். பனிக்கட்டி உறையாது, செடி கருகாது. நமக்குப் பஞ்சகாலம் சித்திரையும் வைகாசியும். கீரை கூட அப்போதுதான் தலை காய்ந்து நிற்கும். ஆக, ‘குளிர்காலத்தில் எப்படிச் சமாளிப்பது’ என்ற கேள்வியை வெளியிலிருந்து கடன் வாங்கி இங்கே கேட்பதில் அர்த்தமில்லை. தமிழ் மரபு குளிர்காலத்தை ஒரே சொல்லில் அடைக்கவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. மழை விழும் குளிர், பனி இறங்கும் குளிர், பனி விலகும் குளிர் என்ற இந்தப் பகுப்பு, கொல்லையில் எது எப்போது பறிக்க வரும் என்பதற்கும் அப்படியே பொருந்துகிறது.

நம் பனிக்காலக் காய்களின் தலைவி அவரை. அது குளிருக்காகக் காத்திருப்பதில்லை. இரவு நீள்வதற்காகக் காத்திருக்கிறது. நாட்டு அவரையும் மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டும் குறும்பகல் தாவரங்கள். பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் கொடி பூவெடுக்கும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். புதுக்கோட்டை நிலநடுக்கோட்டுக்குப் பத்துப் பாகை வடக்கில் இருப்பதால், இங்கே அந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுத்தான் அதிகம். மனிதருக்குத் தெரியாத அந்தச் சிறிய மாற்றம் கொடிக்குத் தெரிகிறது. ஆடியில் ஊன்றிய விதை ஆவணி, புரட்டாசியில் இலையும் கொடியுமாகப் பந்தலை மூடுகிறது, ஐப்பசியில் பூவெடுக்கிறது, மார்கழியில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இதை இன்றைய அறிவியல்தான் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. குறுந்தொகையின் 82-ஆம் பாடலில் தலைவன் வந்திருக்க வேண்டிய காலத்துக்கு அடையாளமே, தினை அரிந்த தாளில் படர்ந்து அவரை பூக்கும் பனிப்பருவம்தான். ஒரு கொடியின் பூவைக் காலண்டராக வைத்துப் பேசியவர்கள், அது எந்த ஆண்டும் தவறாமல் அந்தப் பருவத்தில்தான் பூக்கும் என்பதைப் பார்த்துத் தெரிந்தவர்கள்.

வானம் பார்த்த சீமையின் பருவம்

இந்த மாவட்டத்தின் நிலத்தோடு சேர்த்துப் பார்த்தால் வாதம் இன்னும் உறுதியாகும். வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு என்று ஆறுகளின் பெயர்கள் உண்டு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. கல்லணைக் கால்வாய் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் காவிரி நீரைக் கொண்டுவந்து கடைசியில் மும்பாலை ஏரியில் முடிகிறது. மற்றப் பெரும்பகுதிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களும் கிணறுகளும்தான் கதி. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம் மழை நின்ற சில வாரங்களில் இறுகிவிடும். ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி இறங்கிவிட்டன. இப்படிப்பட்ட ஊரில் ‘ஆண்டு முழுவதும் காய்க்கும் தோட்டம்’ என்பது ஆண்டு முழுவதும் மோட்டார் போடும் தோட்டம் என்றே ஆகும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை மண்ணை ஊற வைக்கிறது. தையில் மழை நின்றாலும் வெயில் தணிந்திருக்கும். ஈரம் சட்டென்று ஆவியாகாது. இரவில் பனி இலையை நனைக்கும். வேர் ஆழ இறங்கிய கொடிக்கு இதுவே போதும். எப்போதாவது விடும் ஒரு குடம் தண்ணீரும், பாத்திரம் கழுவி ஓடும் அடுப்படித் தண்ணீரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை நெல்லுக்கும் கடலைக்கும் சொன்னதாக மட்டும் நினைக்கிறோம். வீட்டுக் கொல்லைக்குத்தான் அது இன்னும் கறாராகப் பொருந்தும். கருணைக் கிழங்கைச் சித்திரை, வைகாசியிலேயே புதைத்தால்தான் எட்டொன்பது மாதம் கழித்துத் தையில் தோண்ட முடியும். அவரை, மொச்சை, பரங்கி, சுரை, பீர்க்கு ஆடியில். கத்தரி நாற்று ஆடியில் விட்டு ஆவணியில் நடவு. சர்க்கரைவள்ளிக் கொடியைப் புரட்டாசியில் வெட்டி நட்டால் 100 முதல் 120 நாளில் தை பிறக்கும். கீரை மட்டும் அவசரக்காரருக்கு உதவும். விதைத்த 25, 30 நாளில் பிடுங்கலாம். இந்தப் பட்டியலில் ஒன்று தெளிவு: மார்கழிக் குளிரில் உற்சாகம் வந்து, ‘இந்த வருஷம் தோட்டம் போடலாம்’ என்று தொட்டி வாங்கப் போகிறவர் ஐந்து மாதம் தாமதம். அவருக்குக் கிடைப்பது கீரையும் கொத்தமல்லியும்தான். மற்றவை வெயிலில் காயும். ‘நமக்குக் கை ராசியில்லை’ என்ற முடிவுக்கு அவர் வருவார். தவறு அவர் கையில் இல்லை, தொடங்கிய மாதத்தில் இருக்கிறது.

கைப்பிடிக் காய்களின் சமையல்

வீட்டுக் காய்க்கும் சந்தைக் காய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம் ருசி என்பார்கள். அதைவிடப் பெரியது அளவு. சந்தையில் ஒரே காயை ஒரு கிலோ வாங்கலாம். கொல்லை அப்படித் தராது. ஒரு நாள் பந்தலில் இரண்டு கைப்பிடி அவரை, செடியில் நான்கு கத்தரி, வேலியோரம் ஒரு கீற்றுக்குப் பரங்கி, தாரின் நுனியில் இரண்டு வாழைக்காய், தோண்டினால் ஒரு துண்டு கருணை. எதுவும் தனியாக ஒரு குடும்பத்துக்குப் பொரியலாகாது. இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் பல காய்க் குழம்பு. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வைக்கும் ஏழுகறிக் குழம்பும், பொங்கலன்று வெண்சோற்றுக்கு ஊற்றும் காய்க் குழம்பும் பண்டிகைச் சடங்கு என்றே நமக்குப் பழகியிருக்கின்றன. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் காய் சேர வேண்டும் என்ற வழக்கத்துக்கு எந்த விளக்கம் சொன்னாலும், அதன் நடைமுறைப் பயன் ஒன்றுதான்: கொஞ்சம் கொஞ்சமாக விளைந்ததை ஒன்றும் வீணாகாமல் ஒரே சட்டியில் சேர்ப்பது.

அந்தச் சட்டிக்குள் ஒரு வரிசை உண்டு. முதல் நாள் இரவே ஊற வைத்த காய்ந்த மொச்சையைத் தனியாக வேக வைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துவிட வேண்டும். மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஊறலும் கொதியும் அவற்றைக் குறைக்கின்றன. கருணையையும் தனியாகத்தான் வேக வைப்பார்கள். தொண்டையை அரிக்கும் அதன் காரல் புளியிலோ அரிசி கழுவிய தண்ணீரிலோ வேகும்போது அடங்குகிறது. மற்றக் காய்களுக்குப் புளி முன்னால் போனால் ஆபத்து. புளிப்பில் காய் விறைத்துக்கொண்டு வேகாமல் நிற்கும். ஆகவே சர்க்கரைவள்ளியும் வாழைக்காயும் முதலில் வெந்நீரில் இறங்கும். அடுத்து அவரையும் கத்தரியும். குழைந்துவிடுகிற பரங்கி கடைசியில். எல்லாம் முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசல், பிறகு வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், தேங்காய். இந்தக் குழம்பில் தக்காளி கட்டாயமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வடகிழக்கு மழை ஓங்கும்போது தக்காளி அழுகி விலை ஏறுவது வழக்கமாகிவிட்டது. 2021 நவம்பரில் சென்னையில் ஒரு கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பனிக்காலச் சமையல் புளியை நம்பி உருவானது. தக்காளி இல்லாமல் குழம்பே வைக்க முடியாது என்ற நிலை சந்தை நமக்குப் பழக்கிய பின்தான் வந்தது.

ஒரே அவரைக் கொடி மூன்று விதமான உணவைத் தருகிறது என்பதும் வீட்டுச் சமையலுக்கே உரிய வசதி. கார்த்திகையில் பிஞ்சு கூட்டுக்கும் பொரியலுக்கும். தையில் முற்றிய காயை உரித்தால் பச்சை விதை; கத்தரிக்காயோடு சேர்த்தால் குழம்பு. அந்தக் குழம்பில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளிலிருந்து வரும் கருவாடு விழுந்தால் சோறு தானாக இறங்கும். மாசியில் காய்ந்த நெற்று. அது பானைக்குள் போய் ஆறு மாதம் இருக்கும். பின்பனிக்காலத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும் மிஞ்சிய கத்தரியும் கொத்தவரையும் சுண்டையும் உப்பில் தோய்ந்து வற்றலாகும். திருமயம், பொன்னமராவதி பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் அரிசி கழுவிய தடித்த தண்ணீரில் வைக்கும் மண்டியில், சித்திரை வெயிலில் அந்த வற்றலும் காய்ந்த மொச்சையும் மறுபடி உயிர் பெறும். மேலை நாடுகளில் கோடை விளைச்சலைக் குளிருக்குச் சேமிக்கிறார்கள். நாம் குளிர் விளைச்சலைக் கோடைக்குச் சேமிக்கிறோம். நான்கு மாதத் தோட்டம் எட்டு மாதச் சமையலைத் தொடுவது இப்படித்தான்.

இத்தகைய சமையல் ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்களுக்கு ஆவுடையார்கோவில் ஒரு பதில் வைத்திருக்கிறது. மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் திருப்பெருந்துறை அதுதான். அங்கே ஆத்மநாதருக்குப் படைப்பது புழுங்கல் அரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும். சோற்றின் ஆவியே நைவேத்தியம். மார்கழித் திருவாதிரை அக்கோயிலின் பெரிய விழாக்களில் ஒன்று. பச்சரிசியும் நெய்யும் முந்திரியும் மணக்கும் மற்றச் சன்னதிகளுக்கு நடுவில், எந்தக் குடியானவன் கொல்லையிலும் கிடைக்கிற கீரையையும் கசப்புக் காயையும் இறைவனுக்குரியதாக வைத்த ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் பொருளாதாரம். ‘எல்லார் வீட்டிலும் காய்க்கும் காலத்தில் காய் விலையும் குறைவாகத்தானே இருக்கும்? மலிவாகக் கிடைப்பதை எதற்குப் பாடுபட்டு வளர்க்க வேண்டும்?’ கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, கீரை வேண்டும் என்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ, 90 நாளுக்கு 144 கிலோ. ஓர் அவரைப் பந்தலில் வாரம் இரு முறை, முறைக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு வாரத்தில் 24 கிலோ, அதாவது தேவையில் ஆறில் ஒரு பங்கு. கத்தரி, கீரை, பரங்கி, கிழங்கு எல்லாம் சேர்ந்தாலும் பாதியைத் தொட்டால் பெரிது. ஆகவே வீட்டுத் தோட்டம் சந்தையை ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் காசு கொடுத்து வாங்கும்போது 1.6 கிலோ வாங்குவதில்லை. குழம்புக்குக் கால் கிலோ, பொரியலுக்குக் கால் கிலோ என்று முடித்துக்கொள்கிறார்கள். கொல்லைக் காய் செலவை மிச்சப்படுத்துவதைவிடத் தட்டில் காயின் அளவைக் கூட்டுகிறது என்பதே அதன் உண்மையான லாபம். விலை கொடுக்காத காயை யாரும் எண்ணிப் போடுவதில்லை.

இதை மருந்தாக்கிப் பேசுவதும் சரியல்ல. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கீரை சாப்பிட்டால் தீர்ந்துவிடும் என்று மேடையில் சொல்வது எளிது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். அதோடு எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்பு சேர்ந்தால் ஓரளவு கூடும். ரத்தசோகைக்கு மாத்திரையும் மருத்துவமும் வேண்டும். அன்றாடத் தட்டில் கீரை, பயறு, காய் மூன்றும் தொடர்ந்து இருப்பது அந்த மருத்துவத்துக்குத் துணை. அந்தத் துணையை நான்கு மாதமாவது காசில்லாமல் கொடுக்க முடிவது சிறிய விஷயமல்ல. இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில் வாழ்கிறார்கள். ஒரு பந்தல் போடும் அளவு மண் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது: உழைப்பு யாருடையது? ஆடியில் விதை ஊன்றுவதும், புரட்டாசியில் பந்தலுக்குக் கொடி ஏற்றிவிடுவதும், குடம் சுமப்பதும், பறிப்பதும், ஆய்வதும், வேக வைப்பதும் பெரும்பாலும் ஒருவரே. ‘பாட்டி காலத்துக் கொல்லை’ என்று பெருமூச்சு விடும் கட்டுரைகள் பாட்டியின் முதுகை எண்ணிப் பார்ப்பதில்லை. நூறு நாள் வேலைக்கும், வயலுக்கும், திருப்பூருக்குப் போன கணவனின் பங்கு வேலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தைச் சேர்ப்பது நியாயமா? நியாயமில்லை, அது பன்னிரண்டு மாதத் தோட்டமாக இருந்தால். வறண்ட மாதங்களில் குடத்துத் தண்ணீரால் செடியைக் காப்பதுதான் இந்த உழைப்பின் மிகக் கொடிய பகுதி. பருவத் தோட்டம் அந்தப் பகுதியை வெட்டி எறிகிறது. அதோடு, 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் கற்றுக்கொண்டு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த பெண்களின் மாவட்டம் இது. அந்தச் சைக்கிள் அவர்களுக்குத் தந்தவற்றில் ஒன்று, விளைந்ததைப் பக்கத்து ஊர்களுக்குத் தாங்களே கொண்டுபோய் விற்கும் சுதந்திரம். கொல்லையின் உபரி காசாகி, அந்தக் காசு விளைவித்தவள் கையில் தங்கினால் உழைப்பின் கணக்கு மாறும். அதற்கும் முன்னால், பந்தலுக்குக் கம்பு நடுவதும் வேலி கட்டுவதும் ஆண்களின் வேலையாகவே இருந்தன என்பதை வீட்டு ஆண்களுக்கு நினைவூட்டலாம்.

மூன்றாவது, இயற்கையின் எதிர்வாதம். பனிப்பருவத்துக்கு முன்னால் புயல் பருவம் நிற்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில், ஐப்பசி முடிகிற நேரத்தில் கரை கடந்த கஜா புயல் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வாழையையும் சாய்த்துப் போட்டது. பந்தல்கள் எங்கே விழுந்தன என்று தேடக்கூட ஆளில்லை. ஆனால் அந்தப் புயல் இன்னொன்றையும் காட்டியது. சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். கீரைப் பாத்தி ஒரு மாதத்தில் எழுந்துவிடும். குறுகிய பகல் தொடங்கிவிட்டதால் தாமதமாக ஊன்றிய நாட்டு அவரையும் கொடி சிறிதாக இருக்கும்போதே பூத்துவிடும், காய் குறைந்தாலும். ஒரே மரப்பயிரை நம்பிய நிலத்துக்குப் பக்கத்தில் இருபது வகைச் சில்லறைப் பயிர் இருப்பது ஒருவிதக் காப்பீடு. மழை தேங்கும் இடத்தில் மேட்டுப் பாத்தி, காற்று வாங்கும் இடத்தில் தாழ்ந்த பந்தல் என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை.

பூச்சியும் விலங்கும் தனிக் கதை. மார்கழிப் பனியில் அவரையின் பூங்கொத்தில் அசுவினி கருப்பாக அப்பிக்கொள்ளும். விடியற்பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய வைத்தியம். விறகடுப்பு போய் கேஸ் வந்தபின் சாம்பல் இல்லை. புகை போனது கண்ணுக்கும் நுரையீரலுக்கும் நல்லது, அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. சாம்பல் வேலையை இனி ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு பார்க்க வேண்டும். ஆட்டுக்கு முள்வேலி போதும். வேலியிலேயே கோழியவரையை ஏற்றினால் வேலியும் காய்க்கும். மயில்தான் சங்கடம். விராலிமலையில் கோயில் வாகனமாகப் போற்றப்படும் பறவை, சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கிறது. முளையையும் பிஞ்சையும் கொத்தித் தின்கிறது. தலைக்கு மேல் தொங்கும் பந்தல் காயும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் ஓரளவு தப்பும். முழுத் தீர்வு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாக் காலத்துக்கும் ஒரு விதை?

கடைசி எதிர்வாதம் அறிவியலின் பெயரால் வருவது. ‘பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத குத்து அவரை ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கிறது. எப்போது விதைத்தாலும் காய்க்கும், பந்தலும் வேண்டாம். பிறகு எதற்கு ஆடி, மார்கழி என்ற பழங்கணக்கு?’ அந்த ரகங்கள் நல்லவை. விற்பதற்காகப் பயிரிடும் விவசாயிக்கு வரப்பிரசாதம். குத்துச்செடி குறுகிய காலத்தில் சேர்ந்தாற்போல் காய்த்துக் கொட்டும். கூலி வைத்துப் பறித்து மூட்டை கட்டி அனுப்பலாம். வீட்டுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. ஒரே வாரத்தில் பத்துக் கிலோ வந்தால் தின்ன முடியாது. மூன்று மாதம் வாரந்தோறும் கொஞ்சம் வந்தால்தான் சமையலுக்கு ஆகும். நாட்டுக் கொடி அவரை பந்தலில் படர்ந்துகொண்டே பூத்து, பூத்துக்கொண்டே காய்ப்பது அந்தத் தேவைக்கென்றே அமைந்தது போல இருக்கிறது. எப்போது விதைத்தாலும் காய்க்கும் செடிக்கு எப்போதும் தண்ணீர் வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பருவம் தெரிந்த விதை மழையைப் பயன்படுத்திக்கொள்கிறது. பருவம் தெரியாத விதைக்கு நாம் மழையாக இருக்க வேண்டும்.

அரசின் முயற்சிகளையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய தொகுப்பை வீடுகளுக்குத் தருகிறது. ஜூலை என்பது ஆடிக்கு வாசல், நேரம் சரி. ஆனால் இந்தப் பட்டியல் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்று. கோவைக்கும் கன்னியாகுமரிக்கும் புதுக்கோட்டைக்கும் ஒரே உறையில் விதை போவதைவிட, இந்த மாவட்டத்துக்கு நாட்டு அவரையும் மொச்சையும் பரங்கியும் சேர்ந்த ஓர் உறை ஆனி முடிவதற்குள் வந்தால் மார்கழியில் அது பேசும். அதற்கான அறிவு வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. உளுந்து ரகங்களால் பெயர் பெற்ற தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் வம்பனில் இருக்கிறது. வேளாண் கல்லூரி குடுமியான்மலையில் இருக்கிறது. அவரையும் ஒரு பயறுதான். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து, அடுத்த ஆண்டுக் கத்தரிக்கு மண்ணைத் தயார் செய்துவிட்டுப் போகிற பயிர். வயல் உளுந்துக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளி வேலியோர அவரைக்கும் கிடைத்தால், ஊருக்கு ஊர் மாறும் பட்டை அவரை, சிவப்பவரை, கோழியவரை விதைகள் காணாமல் போகாமல் இருக்கும்.

ஏனென்றால் இந்த முழுக் கணக்கும் கடைசியில் விதையில் வந்து நிற்கிறது. ஆடியில் ஊன்றக் கையில் விதை இருக்க வேண்டும். அது கடை உறையில் வருவதற்கு முன் தையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலன்று பிறந்த மாவட்டம் புதுக்கோட்டை. அந்த நாள் ஆண்டுதோறும் வரும்போது பந்தல் காய்ப்பின் உச்சத்தில் இருக்கும். எல்லாவற்றையும் பறித்துச் சட்டியில் போடத் தோன்றும். தெரிந்தவர்கள் அப்படிப் பறிப்பதில்லை. கொடியின் நடுப்பகுதியில், பூச்சி தொடாத, நன்கு திரண்ட இரண்டு மூன்று கொத்துகளை அடையாளத்துக்குத் துணி கட்டி விட்டுவிடுவார்கள். மாசி வெயிலில் அவை முற்றி, பங்குனியில் ஆட்டினால் கலகலக்கும். அதை உரித்துச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் அடைத்து அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டது பழைய ஏற்பாடு. இன்று சாம்பலும் குடுக்கையும் இல்லாத வீட்டில், நன்றாகக் காய வைத்த விதைக்கு மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியும் இரண்டு வேப்பிலையும் போதும். புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் காயின் பெயரை எழுதினால் பாதி வேலைதான் முடியும். ஊன்ற வேண்டிய மாதத்தையும் அதில் எழுதி வைக்க வேண்டும்.